தனுஷிடம் கொடுத்த பீரோ சாவி

சங்ககிரி,
செவ்வாய்க்கிழமை.

என் கண்ணு சிவக்குமாருக்கு அம்மா எழுதுவது. அந்த மஸ்கட் வெயிலில் நீயும் தேவிப்ரியாவும் பாப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் தொடங்குகிறேன். இங்கே சோறு தண்ணிக்குக் குறைவில்லை, எனக்குத்தான் நாலு நாளாகத் தொண்டையில் எதுவும் இறங்கவில்லை. தினமும் போனில் பேசுகிற அம்மா என்ன காகிதத்தில் எழுதுகிறாள் என்று பார்க்கிறாயா, போனில் பேசினால் உங்கப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து காது கொடுப்பார், நீயும் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுவாய். கலைமணி மாமா மகன் அங்கே வருகிறான், பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன், முழுசாகப் படி.

உங்கப்பா பங்குனியில் கோயிலுக்குப் போய், குடிக்க மாட்டேன் என்று கயிறு கட்டிக்கொண்டார். வருசா வருசம் கட்டுவதுதான், நாற்பத்தெட்டு நாள் முடிந்தால் அவிழ்ப்பதுதான். நீ தை மாதம் வாங்கிவந்த ரெண்டு பாட்டிலையும் தூக்கிப் போட மனசில்லாமல் பீரோவில் வைத்துப் பூட்டினார். சாவி என்னிடம் இருந்தால் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிவிடுவார் என்று நான் அதை உன் தம்பி தனுஷிடம் கொடுத்தேன். போதை ஒழிப்புப் பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கின பிள்ளை, அவனைவிட யோக்கியன் இந்த வீட்டில் யார் என்று நினைத்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை கயிற்றை அவிழ்த்துவிட்டு வந்து அப்பா ஒரு மடக்குக் குடித்தார், குடித்த வேகத்தில் துப்பினார். ரெண்டு பாட்டிலிலும் டீ டிகாஷன். பதினேழு வயசுப் பிள்ளை குடித்துத் தீர்த்திருக்கிறானே என்பது அவருக்கு உறைக்கவில்லை, டிகாஷனை ஊத்தி ஏமாத்திப்போட்டானே என்றுதான் குதித்தார். நான் ஓடிப்போய் அவன் டியூசன் பையைக் கொட்டிப் பார்த்தேன், ஜியாமெட்ரி பாக்ஸுக்குள் ஒரு மாத்திரை அட்டை, பாதி காலி. தலைவலி மாத்திரை இல்லை சாமி, கூட்டாளி எவனோ கொடுத்த போதை மாத்திரை.

இவ்வளவு சொல்லி வளர்த்தேனே, நீயே மேடையேறிப் பேசினாயே என்று அழுதேன். தலைகூடக் குனியவில்லை அவன். அது டீச்சர் எழுதிக் குடுத்ததுங்கம்மா என்கிறான். ஒரு வாய் குடிச்சாக் குடல் வெந்துரும்னு சொன்னீங்க, குடிச்சேன், ஒண்ணும் ஆகலீங்க, மறுநாள் கணக்குப் பரீட்சையில தொண்ணூத்திரெண்டு எடுத்தேன், அது பொய்னா மாத்திரையப் பத்திச் சொல்றதும் பொய்தான்னு நெனச்சனுங்க என்கிறான். கெடா வெட்டுல பந்தலுக்குப் பின்னால அப்பாவும் மாமனும் குடிக்கறாங்க, நீங்கதான் ரத்தப் பொரியல் வறுத்து அனுப்பறீங்க, யாருங்க செத்துப்போனாங்க என்று கேட்டான். வறுத்தது இந்தக் கைதானே. அதைக்கூடப் பொறுத்திருப்பேன். டிகாஷன் ஊற்ற யாருடா சொல்லிக்கொடுத்தது என்றதற்கு, அண்ணன்தானுங்க என்றான். சித்திரை பொறந்ததுமே அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டனுங்க, அம்மாகிட்டச் சொல்லிப்போடாத, டிகாஷன ஊத்தி வையி, அடுத்த தடவை வேற வாங்கியாறேன்னு சிரிச்சாருங்க என்றான். சிவக்குமார், சாப்பிட்டீங்களாம்மா என்று தினமும் கேட்டுக்கொண்டே இதை மறைத்தாயே, உனக்கு எப்படி மனசு வந்தது? தகப்பனும் சின்னவனும் ஏமாற்றினாலும் பெரியவன் எனக்கு நிற்பான் என்று இருந்தேனே, பாவி.

உன்னை வையும்போதுதான் என் யோக்கியதையும் நினைவுக்கு வந்தது. நீ காலேஜ் படிக்கும்போது ராசிபுரம் ரோட்டில் உன் கூட்டாளி தமிழரசைப் பைக்கின் பின்னால் வைத்துக்கொண்டு போய் விழுந்தாய், அவனுக்கு முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள். நீ குடித்திருந்தாய் என்று தெரிந்தால் உனக்குப் பெண் தரமாட்டார்கள் என்று, நாய் குறுக்கே வந்தது என்று நானும் அப்பாவும் ஊரெல்லாம் சொன்னோம். தமிழரசும் இன்றுவரை வாய் திறக்கவில்லை. இந்த வீட்டில் குடியைப் பற்றித் தனுஷுக்குச் சொல்ல நிஜமாக ஒன்று இருந்தது, அதை ஒளித்துவிட்டுக் குடல் வேகும் கண் அவியும் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தேன். நேற்று அவனுக்குச் சாப்பாடு போடும்போது உள்ளதைச் சொல்லிவிட்டேன். தமிழரசண்ணன் காலு அண்ணனாலதான் போச்சுங்களா என்று கேட்டான். ஆமாம் என்றேன். தமிழரசு ஜெராக்ஸ் கடைக்கு அவன் தினமும் போகிறவன் அல்லவா, தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். இன்று காலையில் அவனாகவே வந்து, மாத்திரை கொடுத்தவன் பெயரைச் சொன்னான். வியாழக்கிழமை டாக்டரிடம் கூட்டிப்போகிறேன், அவனால் மாத்திரையை விட்டுவிட முடியுமா என்று கேட்கப் பயமாக இருக்கிறது, ஆனாலும் போகிறோம்.

என்மேல் கோபம் வந்தால் வரட்டும், தேவிப்ரியாவுக்குத் தெரிந்தாலும் தெரியட்டும். நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருசம் இருக்க வேண்டும், பாப்பாவுக்கு வாரம் ஒருதரம் சுற்றிப் போடு. ஞாயிற்றுக்கிழமை தனுஷ் உனக்குப் போன் பண்ணுவான், தமிழரசு கால் போன கதையை உன் வாயால் கேட்க வேண்டுமாம். அம்மா சொன்னது பொய் என்று மட்டும் சொல்லிவிடாதே சாமி, இனி என்னிடம் அவனுக்குச் சொல்ல வேறு எதுவும் இல்லை.

உன்னைப் பெற்றவள்,
தமிழ்ச்செல்வி