குழந்தை சீட் இருந்த பக்கம்

மச்சான்,

எத்தனை தரம் சோப்புப் போட்டாலும் கையில் சுட்ட பெயின்ட் மணம் போகுதில்லை. வெல்டிங் செய்த நாட்களில் உன் ஜாக்கெட்டில் அடிக்கும் அதே மணம். தேத்தண்ணிக் கோப்பையை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனால் நீ பக்கத்தில் வந்து நிற்கிறாய். உண்மையில் வந்து நின்றிருந்தால் நல்லாய் இருந்திருக்கும். இந்தக் கிழமை முழுக்க நான் பட்ட பாடு எனக்கும் உன் காருக்கும்தான் தெரியும்.

நீ எங்களை விட்டுப் போன பிறகு உன் மகள்தான் அதில் அஜக்ஸிலிருந்து விட்பிக்கு வேலைக்குப் போய்வருகிறாள். பனியில் வழுக்கி வந்த ட்ரக் ஒன்று வலப்பக்கம் பின்னுக்கு இடித்துவிட்டது. கடவுளே என்று அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் பின் கதவிலிருந்து லைட் வரைக்குமான பக்கத் தகரம், குவாட்டர் பனல் என்போமே, அது அப்பளமாய் நொறுங்கிப்போயிற்று. அதற்கு நேர் உள்ளேதான் உன் பேரனுடைய சீட். நல்லகாலம், அன்று அவன் காரில் இல்லை.

"மாமா, எல்லாரும் வேற கார் வாங்கச் சொல்லீனம். எனக்கு அப்பான்ர கார்தான் வேணும். நீங்க ஃபிக்ஸ் பண்ணித் தாங்கோ" என்றாள்.

ஓம் என்றுவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். போல்ட் கழற்றிப் பூட்டும் முன் மட்காட் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்வேன். இது காரின் உடம்போடு பற்றவைத்த தகரம். எங்கள் ஸ்காபரோ கராஜில் வெட்டுவது நான், பற்றவைத்து ஒட்டுவது நீ. இப்போது இரண்டையும் நானே செய்ய வேண்டும். வேறு ஆளிடம் கொடுக்கவும் மனம் வரவில்லை.

முதலில் பழைய தகரத்தில் இரண்டு துண்டை ஒட்டி, நீ செய்வதுபோல வைஸில் இறுக்கி, உளி வைத்து அடித்துப் பிரித்தேன். ஒட்டு அப்படியே விட்டுவிட்டது. "தகரம் கிழியட்டும், ஒட்டு விடக்கூடாதடா" என்று ஒவ்வொரு வேலைக்கும் கத்துவாய். "கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு" என்று நான் சினப்பேன். அந்தக் காதுக்குள்தான் நீ விடாமல் கத்திக்கொண்டிருந்தாய். மெஷினில் சூட்டைக் கூட்டித் திரும்ப ஒட்டினேன், திரும்ப அடித்தேன். கடைசியில் தகரம் கிழிந்து ஓட்டை விழுந்தது, ஒட்டு அசையவில்லை. அதற்குப் பிறகுதான் காரில் கை வைத்தேன்.

பெயின்ட் அடித்ததும் வேலை செய்த இடமே தெரியவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. கீழே உள்ள ஒட்டை இனி யார் பார்ப்பது?

உன் பைத்தியக்காரத்தனம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. வேலை முடிந்ததும் புதுப் பனல் போட்ட பக்கமே பின் சீட்டில் ஏறிக் குந்திக்கொண்டு, "401 ஹைவேயில விடு" என்பாய். ஏதும் நடந்தால் என்று நான் கேட்டால், "ஒட்டினவன் முதலில போகட்டும்" என்று பெரிதாகச் சிரிப்பாய். லைசென்ஸ் எடுத்த புதிதில் உன் மகளைக்கூட அப்படி ஓட்டவைத்தாய்.

இன்று காலை அவள் வந்தாள். தகரத்தைத் தடவி "வாவ்" என்றாள். நான் குழந்தை சீட்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் ஏறினேன்.

"மாமா, ஃப்ரன்ட் சீட் எம்ப்டிதானே?"

"நீ 401-இல விடு பிள்ளை."

அவள் கண்ணாடியில் என்னைப் பார்த்தாள். "அப்பாவும் உதிலதான் இருப்பார்" என்றாள். பிறகு காரை எடுத்தாள்.

பெரிய ட்ரக் ஒன்று கடந்தபோது கார் ஒருதரம் உலுங்கியது. நான் பக்கத் தகரத்தில் காதை வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் கதவுப் பிடியை விட என்னால் முடியவில்லை. வெறும் பயம், மச்சான்.

வீட்டுக்கு வந்து குழந்தை சீட்டை நானே திரும்பப் பூட்டினேன். இழுத்துப் பார்த்தேன், பிறகும் இழுத்துப் பார்த்தேன். நாளைக்கு உன் பேரன் அதில் ஏறுவான். பயம் இன்னும் போகவில்லை, அதை நான் வைத்துக்கொள்கிறேன். நீயும் இந்தப் பயத்தோடுதான் ஒவ்வொரு தரமும் அங்கே ஏறியிருக்கிறாய். ஒருநாளும் எனக்குச் சொல்லவில்லையேடா, கள்ளா.