கம்பை யார் வாங்குவார்கள்?

14 ஜூன் 2001, வியாழன்

குறைந்த தண்ணீரில் விவசாயம் செய்வதற்கான தேசியத் திட்டத்துக்குப் புனே மாவட்ட அறிக்கையை நான்தான் எழுதுகிறேன். இன்று காலை சாகணில் விவசாயிகளைக் கூட்டி அதை மராத்தியில் வாசித்தேன். கரும்பைக் குறைத்துக் கம்பு போடலாம் என்றதும் சுமன்பாய் என்ற விவசாயி எழுந்தார்.

"போடறோம். யார் வாங்குவாங்க? ரேஷன்ல கோதுமையும் அரிசியும்தானே தர்றீங்க?"

அறிக்கையைப் புரட்டிப் பார்த்தேன். இதற்கு அதில் பதில் இல்லை.

மாலை ஆபீஸுக்கு வந்ததும், அரசே கம்பை வாங்கி ரேஷனில் தர வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்தேன். மேலதிகாரி ராகவன் சார் அதை அடிக்கப் பேனாவை எடுத்தார்.

"இது உணவுத் துறை விஷயம்மா. டெல்லியில வெட்டிடுவாங்க."

"அவங்க வெட்டட்டும் சார். நாம வெட்ட வேண்டாமே."

பத்தியை இன்னொரு முறை படித்தார். பிறகு அதை அப்படியே விட்டுக் கையெழுத்துப் போட்டார். எனக்கு ஆச்சரியம். சந்தோஷமும்தான்.

ஆனால் டெல்லியில் அதைப் படிக்கவே மாதக்கணக்காகும். அடுத்த மழைக்கு விதைத்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் சுமன்பாய் பஸ் ஏறினார். எதை விதைக்கப் போகிறார் என்று நான் கேட்கவில்லை.