பார்வோன் கோயில் சுவரும் உன் கல்யாண ஓலையும்

சங்கரன்கோவில்
9-3-1954

அன்பு மகள் ஞானபூரணத்துக்கு அப்பா எழுதுவது. கர்த்தர் கிருபையில் எனக்கும் அம்மாவுக்கும் உடம்பு சுகம், வேலூரில் நீயும் சுகமாக இருப்பாய். மனசு சுகத்தை மட்டும் கேட்காதே, ஒரு வாரமாகக் கொதித்துக்கொண்டிருக்கிறேன்.

நம்ம கோயிலை இடிக்கப் போகிறார்களாம். எகிப்து தேசத்துப் பார்வோன் ராஜாக்களின் பழைய கட்டடங்கள் மாதிரி அடி அகன்று உச்சி ஒடுங்கி, தூண் தலையெல்லாம் தாமரை மொட்டு வைத்து, அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பாதிரியார் ஆசைப்பட்டுக் கட்டினது, ஊரே பார்வோன் கோயில் என்று சொல்லும், உனக்குத் தெரியாததா. ஐப்பசி மழையில் வெளிப்பூச்சு கொஞ்சம் உதிர்ந்தது. அதைப் பார்த்துவிட்டுச் சபைக் கமிட்டித் தலைவர் தங்கப்பழம் அண்ணாச்சி, சுவர் உள்ளே சாயுது, இடிச்சிட்டு ஊசிக்கோபுரம் வைக்கணும் என்று கிளம்பிவிட்டார். சாயவில்லை, வெளிமுகத்தைச் சரிவாகவே கட்டியிருக்கிறது என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னாலும் உள்சுவரில் தூக்குக்குண்டு விட்டுக் காட்டினேன், மேலிருந்து கீழ்வரை நூலுக்கும் சுவருக்கும் ஒரே இடைவெளி. அதற்கு அவர், நூலு உம்ம கையிலதானவே இருக்கு, நீரு பிடிச்சபடிதான நிக்கும் என்கிறார், கூட்டம் சிரிக்கிறது. ஓவர்சியர் படிப்புப் படித்து இதைக் கேட்க வேண்டியிருக்கிறது! பார்வோன்கிட்ட இருந்து தப்பிச்ச ஜனம் அவன் வீட்டுக்குள்ளயே உக்காந்து ஜெபிக்கணுமாக்கும் என்று கேலி வேறு. ஏரோது ராஜாவுக்குப் பயந்து குழந்தை இயேசுவை அதே எகிப்துக்குத்தானே தூக்கிக்கொண்டு ஓடினார்கள் அண்ணாச்சி என்று திருப்பிக் கேட்டேன். அம்மா பெண்கள் பக்கமிருந்து கண்ணைக் காட்டினாள், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அக்கிரமம் இனிமேல்தான். கட்டடம் ஆபத்து என்று ஓவர்சியர் படிப்புப் படித்தவன் ஒருவன் கையெழுத்துப் போட்டால்தான் மேலிடம் இடிக்க அனுமதி தருமாம். அண்ணாச்சி நேற்று வீட்டுக்கே வந்து, கையெழுத்தப் போடும், இல்லன்னா உம்ம மக கல்யாண ஓலைய யாரு வாசிக்கான்னு பாப்போம் என்கிறார். மூன்று ஞாயிறு சபையில் ஓலை வாசிக்காமல் எந்தக் குருவானவர் கல்யாணம் நடத்துவார்? நம்ம குருவானவரோ கமிட்டித் தலைவரைக் கேட்டுத்தான் எதையும் வாசிப்பார். நல்ல சுவரைக் கெட்டது என்று எழுத, என் பிள்ளை கல்யாணமா பணயம்? காப்பி குடிக்குமுன்னே எழுப்பி அனுப்பிவிட்டேன்.

இன்று காலையிலேயே புளியங்குடிக்குப் போய் மாப்பிள்ளை தாவீதிடம் விஷயத்தைச் சொன்னேன், மே மாசக் கல்யாணம் தள்ளிப்போனாலும் காத்திருக்கேன் மாமா என்றார். பிஷப்புக்குச் சுவரின் படம் வரைந்து எழுதியிருக்கிறேன். பதில் வரும்வரை உன் கல்யாணம் நிற்பது என் பிடிவாதத்தால்தான், மறைக்கவில்லை. நீயே சொன்னாலும் கையெழுத்துப் போடமாட்டேன். கோபமிருந்தால் என்னைத் திட்டி எழுது, அம்மாவுக்கு எழுதாதே, அவள் அழுது முடித்துவிட்டு இப்போதுதான் என் பக்கம் வந்திருக்கிறாள்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டியென்று சாப்பிடாமல் இருக்காதே. கல்யாணச் சேலைக்கு என்ன கரை வேண்டும் என்று அம்மா கேட்டதற்கு நீ பதிலே எழுதவில்லை, உடனே எழுது, சேலை எடுப்பதில் எந்த மாற்றமும் இல்லை.

உன் அப்பா,
பெத்துராஜ்