பலகையில் விழும் கால்

என் சண்டைக்காரருக்கு,

வெளியூர் வேலையில் இருந்துகொண்டு நீங்கள் போனில் கொதித்ததையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டுதான் மைதானத்துக்குப் போனேன். “இவங்கப்பா பழக்கின நீளம் தாண்டுற முறையை மாத்த நீங்க யாரு?” என்று நம் மகளின் புதுக் கோச்சிடம் கேட்டே விட்டேன்.

மனிதர் கோபப்படவில்லை. “ரெண்டு மாதிரியும் மாத்தி மாத்தித் தாண்டும்மா” என்று அவளிடம் சொல்லிவிட்டு, மணலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஓடிவந்து எகிறும்போது அவள் கால் பலகையில் விழும் சத்தத்தை மட்டும் வைத்து, “இது உங்கப்பா”, “இது நான்” என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒன்றுகூடத் தப்பவில்லை.

டேப் வைத்து அளந்தால் உங்கள் முறையில்தான் ஒரு சாண் அதிகம். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரும் மறுக்கவில்லை. “தூரம் இவங்கப்பா முறையிலதாங்க. ஆனா அந்த அடி முழுசும் முட்டியில இறங்குது. சத்தத்தைக் கேட்டாலே எனக்கு வலிக்குது” என்றார்.

ஷூவிலிருந்து மணலைக் கொட்டிக்கொண்டிருந்த நம் பெண் தலை நிமிரவே இல்லை. வீட்டுக்கு வரும் வழியில்தான் வாயைத் திறந்தாள். “ரொம்ப நாளாவே வலிக்குதும்மா. அப்பாகிட்ட சொல்லிடாதே, தாங்க மாட்டாரு.”

என்ன பிள்ளை பாருங்கள்!

ஆகவே போனில் முட்டியைப் பற்றி மூச்சு விடாதீர்கள். “கோச் சொல்ற மாதிரியே தாண்டு கண்ணு” என்று மட்டும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவள் மாற்றிக்கொள்ள மாட்டாள்.

சண்டைக்குப் போய்ச் சும்மா திரும்பிய
உங்கள் மனைவி