ஜன்னத்துக்கு அடுத்த ஊசி

பாலவனத்தம்,
சனிக்கிழமை

அன்பு மகன் அசாருதீனுக்கு அம்மா ஆசியா உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

உன் மகள் ஜன்னத்து நலம். பௌசியாவும் நானும் நலம் என்று எழுத மனசு வரவில்லை. நீ உன் பெண்டாட்டியிடம் பேசி இன்றோடு பத்து நாள். நான் போன் போட்டாலும் கட் பண்ணுகிறாய். அதனால் லீவு முடிந்து சவுதிக்கு, உன் தம்மாமுக்கே திரும்புகிற சகாபுதீன் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். கூடவே கருவாடும் சேவும் இருக்கிறது. அதை மட்டும் எடுத்துக்கொண்டு கடிதத்தை மடித்து வைத்துவிடாதே. மூணாங்கிளாஸ் எழுத்துதான், கூட்டிப் படித்துக்கொள்.

உன் பேச்சை மீறிப் பிள்ளைக்கு ரெண்டாவது தடவைத் தடுப்பூசி போட்டது உன் பெண்டாட்டி இல்லை. நான். அவுக வேண்டாம்னு சொல்லியிருக்காக மாமி என்று அவள் வாசலிலேயே அழுதுகொண்டு நின்றாள். வாடி, கேட்டா எம்மேல பழியப் போடு என்று நான்தான் அங்கன்வாடிக்கு இழுத்துப் போனேன்.

முதல் ஊசியை நீ வீடியோவில் பார்த்தாய். பிள்ளை வீறிட்டு, மூச்சடைத்து, உதடு நீலம் பாரித்தது. பச்சப்புள்ளையக் குத்தவா பெத்தோம், இனி ஊசி கிடையாது என்று அங்கிருந்து கத்தினாய். நானும் நர்சம்மா தீபலட்சுமியை ஒரு மாசமாக வைதேன். எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

இப்போது சொல்கிறேன், கேள். ஊசி போடும்போது புரையேறிவிடும் என்று பயந்து, அன்று காலையிலிருந்து பால் கொடுக்க விடாமல் பௌசியாவைத் தடுத்தது நான். பிள்ளை குடித்ததா என்று தீபலட்சுமி கேட்டதற்குக் குடித்தது என்று பொய் சொன்னதும் நான். மேஜையில் மல்லாக்கப் போட்டுக் காலை அமுக்கிப் பிடித்ததும் நான். நீ கேட்ட அழுகை முழுக்க ஊசியால் வந்தது இல்லை.

இந்தத் தடவை தீபலட்சுமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். உம்மா, நீங்க அங்கிட்டுப் போயி உக்காருங்க, இன்னைக்குப் புள்ளையத் தொடவே கூடாது என்றாள். வந்திருந்த பொம்பளைகள் எல்லாம் சிரித்தார்கள். அதை நான் மறக்க மாட்டேன். பௌசியாவை நாற்காலியில் உட்கார்த்தி, பிள்ளையை நெஞ்சோடு அணைத்துப் பால் கொடுக்கச் சொன்னாள். புரையேறாதா என்றேன். நான் போட்ட எந்தப் புள்ளைக்கும் ஏறல, சும்மா இருங்க என்றாள். பிள்ளை நன்றாகச் சப்பத் தொடங்கிய பிறகுதான் தொடையில் குத்தினாள். ஜன்னத்து மாரை விட்டுவிட்டு ஒரே ஒரு வீறல். நான் பத்து எண்ணுவதற்குள் திரும்பக் கவ்விக்கொண்டாள். கொஞ்சம் காய்ச்சல் இருந்தது, மறுநாள் இறங்கிவிட்டது.

முதல் தடவை மூணு ஊசி. இந்தத் தடவை ஒன்று. அடுத்த மாசம் மறுபடியும் மூணு. அதை நினைத்துத்தான் பயப்படுகிறேன். நீ இப்படிப் பேசாமல் இருந்தால் பௌசியா வரமாட்டாள். அவளை விட்டுவிட்டு நான் தூக்கிக்கொண்டு போனால் பால் யார் கொடுப்பது?

உனக்கு முந்திப் பிறந்த உன் அக்கா ரகுமத்து கக்குவான் இருமலில் மவுத்தானது உனக்குத் தெரியும். மற்றதை நான் சொன்னதில்லை. நாலு மாசம் முடிந்து ஆறாம் நாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் நேரம். உன் அத்தா அவளுக்கு ஊசி போட விடவில்லை. பச்சப்புள்ளையக் குத்தவா பெத்தோம் என்றார். நீ சொன்ன அதே சொல்.

அவர் மய்யத்தை அடக்கத்துக்கு எடுக்கிற அன்று, பொருந்திக்கிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா என்று எல்லோரும் என்னைக் கேட்டார்கள். அவரை மன்னித்து அனுப்ப அந்த ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை. அழுது வாயடைத்துப் போச்சு என்று நினைத்தார்கள், நீயும் அப்படித்தான் நினைத்தாய். எனக்கு வாய் அடைக்கவில்லை.

பௌசியாவுக்குப் போன் போடு. புள்ளைய மடியில வச்சுப் பால் குடுத்துக்கிட்டே ஊசி போட்டுக்க என்று உன் வாயால் சொல். நீ சொன்னது என் காதில் விழுந்த அன்றைக்கே, உன் அத்தா அடங்கியிருக்கிற கபுர்ஸ்தான் சுவர்ப் பக்கம் போய் நின்று அந்தச் சொல்லை நானும் சொல்லிவிடுகிறேன். அவரும் எத்தனை வருசம்தான் காத்துக் கிடப்பார்.

அல்லா உனக்கு நல்ல புத்தியும் நீண்ட ஆயுசும் தரட்டும்.

உன் அம்மா
ஆசியா உம்மா