மைனஸ் இருபத்தைந்து

அன்புள்ள பாப்பா அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் முதுகுவலி குறைந்ததா? அத்தை மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா?

இங்கே ஒரு கூத்து நடந்தது, பயப்படாமல் படியுங்கள். எங்கள் கிடங்கில் மீன் பெட்டிகளை வைக்கும் குளிர் அறைகள் இரண்டு. ஒன்றின் கதவில் மைனஸ் பதினெட்டு என்று எரியும், மற்றதில் மைனஸ் இருபத்தைந்து. என் கனத்த கோட்டு சலவைக்குப் போயிருந்ததால், குளிர் குறைந்த அறைக்குப் போகச் சொன்னார் மேற்பார்வையாளர். பெரிய எண்தானே வெதுவெதுப்பு என்று நான் இருபத்தைந்தில் நுழைந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. கூட வேலை செய்யும் அக்கா வெளியே இழுத்து வந்தார்.

"ஏம்மா, மைனஸ் போட்டா எல்லாம் தலைகீழ்! பூஜ்யத்துக்குக் கீழ எவ்வளவு இறங்குதோ அவ்வளவு குளிரு."

"வெயில்லயே வளந்தவக்கா நான்," என்றேன். இருவரும் சிரித்தோம். விரல்கள் சரியாகிவிட்டன.

வேலை முடிந்து வந்தால் தெருவில் மைனஸ் மூன்று. எல்லாரும் நடுங்க, எனக்கு இதமாக இருந்தது.

"உங்க ஊர்ல எவ்வளவு?" என்று அக்கா போனில் தேடிக் காட்டினார். முப்பத்து நான்கு. இருபத்தைந்துக்கு மேலே பதினெட்டு, அதற்கும் மேலே மூன்று, பூஜ்யத்தையும் தாண்டி எங்கோ உச்சியில் நீங்கள் எல்லாரும்.

கம்பளிக் கையுறை ஒரு ஜோடி அனுப்புங்கள். இங்கேயும் கிடைக்கும், ஆனாலும் நீங்கள் வாங்கியதாக இருக்கட்டும். பார்சல் கட்டுமுன் மொட்டைமாடியில் கொஞ்ச நேரம் வெயிலில் போடுங்கள். சூடு இங்கே வரைக்கும் வராது, தெரியும். இருந்தாலும் போடுங்கள்.

கிடங்குக்குக் கூட்டிப்போகும் வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், ஓடுகிறேன்.

பாப்பா அம்மா