பலகையோடு வந்த பிள்ளைகள்

இன்று காலை அக்ரஹாரத்தில் பூ வாங்கிக்கொண்டு சந்து வழியாகக் குறுக்கே வந்தேன். ஒரு வீட்டு வாசலில் ஊதுவத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார்கள். கொளுத்திய வத்தியின் மணம் ஊருக்கே தெரியும். நனைந்த கரியும் மரப்பட்டைத் தூளும் கலந்த அந்தப் பச்சை மாவின் வாசனை உனக்கும் எனக்கும்தான் தெரியும். நடுச்சந்தில் நின்றுவிட்டேன். பின்னால் ஸ்கூட்டர்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்தே போனான். நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

சுதந்திரம் வந்த புதிது. நீ ஆஸ்பத்திரியில் நர்ஸ். நான் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் புதிதாக வந்தவள். பள்ளிக்கூடம் விட்ட பிள்ளைகள் தண்டவாளத்தோரம் சுற்றுவதைப் பார்த்துவிட்டு, சர்ச்சுக்குப் பக்கத்து ஹாலை ஃபாதரிடம் கேட்டு வாங்கினாய். சாயங்காலம் கொஞ்சம் படிப்பு, பிறகு ஆட்டம். கோடை லீவில் மதியமே திறந்துவிடுவோம். குவார்ட்டர்ஸ் பையன்கள் திமுதிமுவென்று வந்தார்கள். பின்சந்துப் பெண்பிள்ளைகள் முதல் நாள் பொரிகடலைக்கு வந்ததோடு சரி, மறுநாள் ஒருத்தியைக் காணோம். "அதுங்க வராட்டி இந்த ஹாலைத் திறந்து என்னடி புண்ணியம்?" என்றாய். உனக்குச் சோறே இறங்கவில்லை.

எனக்கோ கோபம். நேரே லூர்துவின் வீட்டுக்குப் போனேன். பத்து வயதுப் பெண். ஒரு தடவை கேட்ட கதையை அப்படியே திருப்பிச் சொல்லுவாள். அவள் அம்மா ஆரோக்கியம்மா மார்டள்ளிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். வாசலில் அம்மாவும் மகளும் மடியில் பலகை வைத்து வத்தி உருட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ஏம்மா, லீவுலகூட பிள்ளைய விடமாட்டியா?"

"ஏனுங்க, வெயில் காலத்துலதானுங்க வத்தி நல்லாக் காயும். மத்தியானம் பிசைஞ்ச மாவு சாயங்காலம் வரைக்கும் தாங்காதுங்க. உங்க ஊட்டுச் சாமிக்குக் கொளுத்தற வத்திய யாருங்க உருட்டறது?"

உன்னிடம் வந்து கத்தினேன். நீ ஊசி போடப் போகிறவள் மாதிரி நிதானமாகக் கேட்டுவிட்டு, உன் கன்னடம் கலந்த பேச்சில், "சும்னே கத்தாதடி. பலகையோட வரச்சொல்லு" என்றாய்.

"ஹாலா, வத்தி ஃபேக்டரியா?"

"வேலைய விட்டுட்டு வான்னா வரமுடியாதுல்ல? வேலையோடயே வரட்டும்."

வந்தார்கள்! ஈரத்துணியில் சுற்றிய மாவும் மடியில் பலகையுமாக வந்து சுவரோரம் வரிசையாக உட்கார்ந்தார்கள். நான் கதை படிக்க, அவர்கள் கை உருட்டிக்கொண்டே இருந்தது. வெளியே பையன்களுக்குக் கோகோ ஆட இரண்டு பக்கமும் ஆள் சேரவில்லை. பெண்கள் எழுந்து வந்தால்தான் ஆட்டம். பொறுக்கமாட்டாமல் பையன்களும் வந்து உருட்ட உட்கார்ந்துவிட்டார்கள். "அண்ணா, இது வத்தியா முருங்கைக்காயா?" என்று லூர்து கேட்டாளே, ஹாலே அதிர்ந்தது. அதற்கப்புறம் பையன்களுக்குக் குச்சி எடுத்துக் கொடுப்பதும் கட்டுக் கட்டுவதும் புத்தகம் படித்துக் காட்டுவதும்தான் வேலை. ஆபீஸர் வீட்டம்மா ஒருத்தி தன் பிள்ளையின் கரிக்கையைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வந்தாள். "சோப்பு நான் தர்றேன், பிள்ளைய மட்டும் நிறுத்திடாதீங்க" என்றாய். பிள்ளையின் கையை விட்டுவிட்டுப் போனாள்.

உன் ஏற்பாடு எனக்கு அப்போதும் முழுக்கச் சமாதானமாகவில்லை. பிள்ளைகள் கையில் பலகையே இருக்கக்கூடாது என்பேன். "இருக்கக்கூடாதுதான். அதுவரைக்கும் அவ வெளியவே நிக்கணுமா?" என்பாய்.

லீவு முடிகிற சமயம் ஒருநாள் ஆரோக்கியம்மாவே வந்து நின்றாள். மகள் வேலை செய்கிறாளா, ஏமாற்றுகிறாளா என்று பார்க்கத்தான் வந்திருப்பாள். எனக்குப் பயம், கூட்டிக்கொண்டு போய்விடுவாளோ என்று. நீ பாயை நகர்த்திப் போட்டாய். உட்கார்ந்தாள். அன்றைக்கு மாவு அதிகம். மற்ற பெண்களெல்லாம் முடித்துவிட்டு ஓடியாயிற்று. லூர்துவின் கை பலகையில், கண் வாசலில். வெளியிலிருந்து, "லூர்து, பேக பாரே!" என்று சீக்கிரம் வரச்சொல்லிக் கூப்பாடு.

ஆரோக்கியம்மா பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "எந்திரிச்சுப் போ புள்ள. மிச்சத்த நான் உருட்டிக்கறேன்."

லூர்து நம்பாமல் உன்னைப் பார்த்தாள். நீ தலையசைத்ததும் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாய்ந்தாளே! ஒரு பையன் கைக்கும் அகப்படவில்லை. உருட்டுவதை நிறுத்திவிட்டு ஆரோக்கியம்மா வாசலையே பார்த்தாள்.

"இவ இப்படி ஓடுவாளுங்களா?" என்றாள். "நான் பாத்ததே இல்லீங்களே."

நீ அந்தப் பக்கம் திரும்பி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இப்போது எங்கள் வார்டிலும் கோடை வகுப்பு நடக்கிறது. நடத்துகிற பிள்ளைகள் நல்ல பிள்ளைகள். "போஸ்டர் ஒட்டியும் அந்தத் தெருப் பசங்க வரல மேடம், அவங்களுக்கு இன்ட்ரஸ்ட் இல்ல" என்று போன வாரம் அலுத்துக்கொண்டார்கள். முன்பானால் அந்தத் தெருவையே திட்டித் தீர்த்திருப்பேன். இப்போதெல்லாம் யாராவது வரவில்லை என்றால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன், அந்த நேரத்தில் அதுகளுக்கு வீட்டில் என்ன வேலை என்று பார்த்துவிட்டு வர.